தந்தி விலாசமும் மாற்று மெயிலும்: தோல் ஊரிலிருந்து ஒரு குறிப்பு

பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்துப் பழைய தோல் கம்பெனி லெட்டர்ஹெட் யாரிடமாவது இருந்தால் எடுத்துப் பாருங்கள். மேலே கம்பெனி பெயர், தெரு, ஊர், இரண்டு மூன்று இலக்கத்தில் ஒரு போன் நம்பர். பக்கத்தில் "கிராம்ஸ்" என்று போட்டு ஒரே ஒரு சொல் இருக்கும். இந்தக் காலத்துப் பிள்ளைகள் பார்த்தால் "அப்பவே இன்ஸ்டாகிராம் ஐடியா?"ன்னு கேட்பார்கள். கேள்வி வேடிக்கையானதுதான், ஆனால் ரொம்பத் தப்பும் இல்லை. அது டெலிகிராம் விலாசம். இன்று ஈமெயிலில் ஏலியஸ் என்கிறோமே, அந்த மாற்று முகவரிக்கு அது தாத்தா முறை. தாத்தாவும் பேரனும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள், ஆனால் வேறு வேறு ஆளுக்காக. அதைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

தோல் வியாபாரத்துக்கும் தந்திக்கும் என்ன சம்பந்தம்? ஆவாரம்பட்டையில் பதனிட்ட நம்ம பக்கத்துத் தோல், "ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்" என்ற பெயரில் 19ஆம் நூற்றாண்டிலேயே மெட்ராஸிலிருந்து லண்டன் சந்தைக்குக் கப்பல் ஏறியது. இந்தியாவில் தந்தி பொதுமக்களுக்குத் திறந்தது 1855இல். 1870இல் சூயஸிலிருந்து பம்பாய்க்குக் கடலடிக் கேபிள் வந்து சேர்ந்தது. அதுவரை வாரக்கணக்கில் கப்பலில் வந்த விலை நிலவரம் மணிக்கணக்கில் வர ஆரம்பித்தது. தூரத்து ஊர் விலையைப் பார்த்துச் சரக்கு அனுப்புகிறவருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் தந்திக்குச் சொல் கணக்கில் காசு. வெளிநாட்டுத் தந்தியில் விலாசத்தில் இருக்கும் சொல்லும் கணக்கில் சேரும். கம்பெனி பெயர், தெரு, பேட்டை, ஊர் என்று எழுதினாலே ஆறேழு சொல் போய்விடும், சேதி இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. அதனால் கம்பெனிகள் ஒரு சொல்லைத் தந்தி ஆபீஸில் கட்டணம் கட்டிப் பதிந்துகொண்டன. உதாரணத்துக்கு "ஆவாரம்" என்று ஒரு கம்பெனி பதிந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். லண்டன்காரர் "ஆவாரம் மெட்ராஸ்" என்று இரண்டு சொல் எழுதினால் போதும். மெட்ராஸ் ஆபீஸில் ஒரு பதிவேடு இருக்கும். ஆவாரம் என்றால் இன்ன கம்பெனி, இன்ன தெரு. ஊழியர் அதைப் பார்த்து ஆளை அனுப்புவார்.

பிரிட்டனில் 1885இல் உள்நாட்டுத் தந்திக்கு 12 சொல்லுக்கு ஆறு பென்னி என்று விலையைக் குறைத்தார்கள். கூடவே, அதுவரை இலவசமாக இருந்த விலாசத்தையும் சொல் கணக்கில் சேர்த்தார்கள். உடனே ஒற்றைச் சொல் விலாசம் பதிய ஆபீஸ்களில் கூட்டம். "இன்டர்போல்" என்ற பெயரே 1946இல் அந்தப் போலீஸ் அமைப்பு வைத்துக்கொண்ட தந்தி விலாசம்தான். "ஆக்ஸ்ஃபாம்" கதையும் அதேதான். சொந்தப் பெயரைவிட மாற்றுப் பெயர் பிரபலமாகி, கடைசியில் அதுவே சொந்தப் பெயர் ஆகிவிட்டது.

இதில் இன்னொரு சௌகரியம் உண்டு. பேரணாம்பட்டு இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது. ஆனால் மாவட்டத்தின் பெயர் வட ஆற்காடு, பிறகு வட ஆற்காடு அம்பேத்கர், பிறகு வேலூர் என்று மாறிக்கொண்டே வந்தது. பதிந்த சொல் மட்டும் மாறவில்லை. கம்பெனி வேறு தெருவுக்குக் குடிபோனாலும் ஆபீஸில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வெளிநாட்டுக்காரருக்குத் தெரியவே தேவையில்லை. வெளியே ஒரு பெயர், உள்ளே ஒரு விலாசம், இரண்டையும் இணைக்க நடுவில் ஒரு பதிவேடு. மாற்று முகவரியின் சூத்திரமே இதுதான்.

ஆனால் இதில் ரகசியம் எதுவும் கிடையாது. கம்பெனிகள் தந்தி விலாசத்தை லெட்டர்ஹெட்டிலும் டைரக்டரியிலும் பெரிதாக அச்சடித்தன. எல்லோருக்கும் தெரிந்தால்தானே வியாபாரம்? கண்டவனும் தந்தி அடித்துத் தொல்லை கொடுப்பான் என்ற பயமே இல்லை, ஏனென்றால் அடிக்கிறவன் காசு கொடுக்கணும். 1864இல் லண்டனில் ஒரு பல் வைத்தியக் கம்பெனி நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு விளம்பரத் தந்தி அனுப்பி, அது பத்திரிகையில் கண்டனமாக வந்தது. உலகின் முதல் ஸ்பாம் என்று அதைச் சொல்கிறவர்கள் உண்டு. ஆனால் அதே விளம்பரத்தைப் பத்து லட்சம் பேருக்கு அனுப்ப அந்த வைத்தியரிடம் காசு இருந்திருக்காது. அந்தக் காலத்தின் ஸ்பாம் ஃபில்டர் கட்டணம்தான்.

ஈமெயில் வந்ததும் இந்தக் கணக்கு தலைகீழாகிவிட்டது. ரே டாம்லின்சன் 1971இல் @ குறியை வைத்து மெயில் அனுப்பினார். 1978 மே மாதம் கேரி துர்க் என்ற கம்ப்யூட்டர் விற்பனையாளர் அர்பாநெட்டில் இருந்த சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். அனுப்ப அவருக்குப் பெரிய செலவில்லை. படித்து, எரிச்சலாகி, அழிக்கும் செலவு முழுக்க வாங்கியவர்கள் தலையில். தந்தியில் செலவு அனுப்புகிறவருக்கு, மெயிலில் செலவு பெறுகிறவருக்கு. அதனால்தான் தாத்தா அனுப்புகிறவரின் காசை மிச்சம் பிடித்தார், பேரன் பெறுகிறவரின் நிம்மதியைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது.

பேரனின் வேலை எப்படி? ஒவ்வொரு இடத்துக்கும் வேறு வேறு முகவரி கொடுப்பது. நம்ம ஊர் ஏற்றுமதிக்காரர் ஒருவர் சென்னைத் தோல் கண்காட்சிக்குப் போகிறார், மிலனில் நடக்கும் லினியாபெல்லேவுக்கும் போகிறார். இரண்டிலும் ஒரே விசிட்டிங் கார்டை நூறு பேருக்குக் கொடுக்கிறார். ஆறு மாதம் கழித்து, "எங்கள் பேங்க் கணக்கு மாறிவிட்டது, பாக்கியைப் புதுக் கணக்கில் போடுங்கள்" என்று கெமிக்கல் சப்ளையர் பெயரில் ஒரு மெயில் வருகிறது. சப்ளையருக்கு மட்டும் தனி முகவரி கொடுத்திருந்தால், இந்த மெயில் கண்காட்சி முகவரிக்கு வந்திருப்பதைப் பார்த்த உடனே சந்தேகம் வரும். சப்ளையரின் மெயில்பாக்ஸுக்குள்ளேயே திருடன் புகுந்துவிட்டால் இந்த வித்தை பலிக்காது. அப்போது பழைய நம்பருக்குப் போன் போட்டுக் கேட்பது ஒன்றுதான் வழி.

செய்ய எளிய முறை, ஜிமெயிலில் பெயருக்குப் பின்னால் ஒரு கூட்டல் குறி போட்டு, "பெயர்+மிலன்" என்று கொடுப்பது. எல்லாம் அதே பெட்டிக்கு வந்து சேரும். ஆனால் கூட்டல் குறியையும் அதற்குப் பின்னால் இருப்பதையும் வெட்டிவிட்டால் உண்மையான முகவரி வெளியே வந்துவிடும், பட்டியல் விற்கிறவனுக்கு இது தெரியாதா என்ன? அதைவிட நல்லது, ஒட்டுறவே இல்லாத முகவரியை உருவாக்கி உங்கள் பெட்டிக்குத் திருப்பிவிடும் சேவைகள். ஆப்பிளின் "ஹைட் மை ஈமெயில்", மொசில்லாவின் ஃபயர்பாக்ஸ் ரிலே, சிம்பிள்லாகின் எல்லாம் அந்த ரகம். தொல்லை வந்தால் அந்த ஒரு முகவரியை மட்டும் அணைத்துவிடலாம்.

நான் சில வருஷமாக இப்படித்தான் செய்கிறேன். வேலை தேடும் தளம் ஒன்றுக்கு மட்டும் கொடுத்த முகவரிக்கு, மூன்றே மாதத்தில் பெர்சனல் லோன் விளம்பரம் வந்தது. எங்கிருந்து கசிந்தது என்று ஊகிக்கவே வேண்டியதில்லை. 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிவிட்டது. சட்டம் இருந்தாலும், கேட்கப் போனால் "எங்ககிட்ட இருந்து போகலைங்க"ன்னுதான் பதில் வரும். அந்த இடத்தில் பேச நம் கையில் ஏதாவது இருக்கணும். அவர்களுக்கு மட்டுமே கொடுத்த முகவரி அந்த வேலையைச் செய்யும்.

இது படித்தவர்கள் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். 2016இல் வந்த யூபிஐ ஐடி என்ன? பேங்க் கணக்கு எண்ணைக் காட்டாமல் இருக்க ஒரு மாற்றுப் பெயர். 2018இல் ஆதாருக்கு வந்த 16 இலக்க விர்ச்சுவல் ஐடியும் அதே ரகம்தான். ஆனால் பஜாரில் டீ குடித்துவிட்டுப் பணம் போடுகிறவர்கள் பலருடைய யூபிஐ ஐடியில் போன் நம்பர்தான் இருக்கிறது. கணக்கு எண்ணை மறைக்கப் போய் போன் நம்பரைக் கொடுத்துவிடுகிறோம். ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகும் ஒரு பெண்ணுக்கு, முன்பின் தெரியாத கடைக்காரரிடம் தன் நம்பர் போவது சின்ன விஷயமா? ஆப்பிலேயே நம்பர் இல்லாத இன்னொரு ஐடி வைத்துக்கொள்ள வழி இருக்கிறது. பலருக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

தாத்தாவிடமிருந்து ஒரு எச்சரிக்கையும் எடுத்துக்கொள்ளணும். 2013 ஜூலையில் பி.எஸ்.என்.எல். தந்தி சேவையை நிறுத்தியது. அத்தோடு தந்தி விலாசம் என்ற ஏற்பாடே முடிந்தது, சொல் எவ்வளவு பிரபலமாக இருந்தாலும் சரி. பதிவேடு வைத்திருந்தவர் கடையை மூடிவிட்டார், அவ்வளவுதான். இன்றைய திருப்பிவிடும் சேவைக்கும் அந்த நாள் வரலாம். அதனால் பேங்க், பி.எஃப்., பாஸ்போர்ட் போன்றவற்றுக்கு இந்த முகவரிகளைக் கொடுக்காதீர்கள். அவற்றுக்கென்று, வேறு எங்கும் கொடுக்காத ஒரு தனி மெயில்பாக்ஸ் வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தவர்கள் சொந்த டொமைன் வாங்கலாம். அப்போது மெயில் சேவையை மாற்றினாலும் முகவரி உங்களுடையதாகவே இருக்கும். மற்றவர்கள் எந்த முகவரியை யாருக்குக் கொடுத்தோம் என்று ஒரு நோட்டிலாவது எழுதி வையுங்கள். நடுவில் இருக்கும் பதிவேட்டின் ஒரு பிரதி நம் வீட்டிலும் இருக்கட்டும்.