தாயை விடு, பிள்ளைகளைப் பார்: வில்மோரின் விதைப்பண்ணை

தாயைத் தண்ணீர்த் துறையில் பார்த்தால் மகளை வீட்டில் பார்க்க வேண்டாம் என்று நம்ம ஊரில் சொல்வார்கள். பெண் பார்க்கப் போகிறவர்களுக்கு அது சரியாக இருக்கலாம். விதை விஷயத்தில் இது உதவாது என்று 1850களில் ஒருவர் கிழங்குகளை வைத்தே காட்டினார். அவர் லூயி த வில்மோரின், பாரிசின் பழைய விதை வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை.

குடும்பக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1743இல் பாரிசில் ஒரு விதைக்கடை. அதை நடத்திய பியர் ஆந்த்ரியூ, மன்னர் பதினைந்தாம் லூயிக்கே விதை கொடுத்தவர். 1774இல் அவருடைய மகளைக் கட்டிக்கொண்டு வந்த மருமகன்தான் முதல் வில்மோரின். கடையின் பெயர் வில்மோரின்-ஆந்த்ரியூ ஆனது. அந்த மருமகனின் மகன் 1815இல் பாரிசுக்குத் தெற்கே வெரியேர் என்ற ஊரில் நிலம் வாங்கினார். விதையை வாங்கி விற்ற குடும்பம் விதையைச் சோதித்து உருவாக்கும் குடும்பமாக மாறியது இங்கேதான். நம்ம லூயி அந்த மருமகனுக்குப் பேரன்.

அவர் கையில் எடுத்தது சர்க்கரைப் பீட். நாம் பொரியலுக்கு வாங்கும் சிவப்புக் கிழங்கின் வெள்ளைப் பங்காளி. நெப்போலியன் காலப் போரில் கப்பல் வழி அடைபட்டு, கரும்புச் சர்க்கரை வராமல் போனபோது பிரான்ஸ் இதைத்தான் பிடித்துக்கொண்டது. சிக்கல் என்னவென்றால், தொடக்க காலக் கிழங்கில் சர்க்கரை நூற்றுக்கு ஆறு பங்கு அளவுதான். இன்றைக்கு 16, 18 வரை போகிறது.

இனிப்பான கிழங்கை எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் கிழங்குகளை உப்புக் கரைசலில் போட்டுப் பார்த்தார். சர்க்கரை கூடினால் அடர்த்தி கூடும், கிழங்கு மூழ்கும். இது போதவில்லை. பிறகு கிழங்கில் ஒரு துண்டை மட்டும் வெட்டிச் சாறெடுத்து, அந்தச் சாற்றுக்குள் ஒரு வெள்ளிக் கட்டியைத் தொங்கவிட்டு எடை பார்த்தார். பள்ளியில் படித்த ஆர்க்கிமிடிஸ் தத்துவம்தான். துண்டு போக மீதிக் கிழங்கு உயிரோடு இருக்கும். அதைத் திரும்ப நட்டால் அடுத்த ஆண்டு பூத்து விதை கொடுக்கும். முதல் ஆண்டு கிழங்கு, இரண்டாம் ஆண்டு விதை, அந்த விதையின் கிழங்கைச் சோதிக்க மூன்றாம் ஆண்டு. ஒரு தாயைப் பற்றித் தீர்ப்புச் சொல்லவே அவ்வளவு காலம் ஆகும்.

அதுவரை எல்லோரும் நல்ல கிழங்குகளைப் பொறுக்கி, விதையை ஒன்றாகக் கலந்துதான் விதைத்தார்கள். லூயி ஒவ்வொரு தாயின் விதையையும் தனியாக விதைத்துத் தனியாகக் கணக்கு எழுதினார். இனிப்பில் சமமாக இருந்த இரண்டு தாய்களில் ஒன்றின் பிள்ளைகள் பெரும்பாலும் இனிப்பு, மற்றதன் பிள்ளைகள் கலவையாக வந்தன. தாயைச் சோதித்து இதைத் தெரிந்துகொள்ள வழியில்லை. 1856இல் இதை எழுதி வெளியிட்டார். மெண்டலின் பட்டாணிக் கட்டுரை வர இன்னும் பத்து ஆண்டு இருந்தது! எங்கள் வேலையில், எந்த மாற்றம் எங்கிருந்து வந்தது என்று பதியாமல் ஒரு வரி சேர்த்தாலும் திட்டு விழும். இந்த மனுஷர் வயலில் அதைச் செய்திருக்கிறார்.

1860இல் லூயி இறந்தார், வயது 43. மூத்த மகன் ஆன்ரிக்குப் பதினேழுதான் ஆகிறது. விதைக்கு அன்று காப்புரிமை கிடையாது. தாய்வரிசைகள் ஒரு பருவம் கலந்துபோனால் கணக்குப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அப்போது தொழிலைத் தாங்கியவர் லூயியின் மனைவி எலிசா. அவரே தாவரம் அறிந்தவர், ஸ்ட்ராபெரி வகைகளில் வேலை செய்தவர். பாடப்புத்தகங்களில் 'வில்மோரின் கோட்பாடு' என்று லூயி இருக்கிறார். எலிசாவுக்கு ஒரு பத்தியாவது கொடுத்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

பீட் சர்க்கரையின் சூடு நம்ம பக்கமும் வந்தது. ஐரோப்பிய அரசுகள் மானியம் கொடுத்து ஏற்றுமதி செய்த சர்க்கரை இந்தியச் சந்தையில் குவிய, 1899இல் கர்சன் காலத்து அரசு அதன்மேல் எதிர்வரி போட்டது.

ஆன்ரி கோதுமைக்குப் போனார். அவர் ஒட்டுச்சேர்த்த 'தத்தெல்' 1883இல் வெளிவந்தது. அவர் மகன் பிலிப் 1911இல் நான்காவது சர்வதேச மரபியல் மாநாட்டைப் பாரிசில் கூட்டினார், 1917இல் மறைந்தார். 1970களில் தொழில் குடும்பத்தின் கையை விட்டுப் போனது. 1975இல் அதை வாங்கியது லிமாக்ரேன் என்ற விவசாயிகள் கூட்டுறவு. விதைப் பொட்டலத்தில் மட்டும் அந்த மருமகனின் பெயர் இன்னும் இருக்கிறது.