1995 சிக்காகோ: வெயிலும் பூட்டிய கதவுகளும்



கச்சான் காற்று தொடங்கிவிட்டது. பத்து மணிக்கே ரோட்டில் ஆள் நடமாட்டம் இல்லை. இந்த நேரத்தில் நாம் தெரிந்திருக்க வேண்டிய ஒரு வரலாறு இருக்கிறது. கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

1995 ஜூலை மாதம். அமெரிக்காவின் சிக்காகோ நகரம், குளிருக்குப் பேர்போன ஊர். 13ஆம் திகதி அங்கே வெப்பநிலை 41 பாகை செல்சியஸைத் தொட்டது. காற்றில் ஈரப்பதனும் அதிகம் என்பதால் உடம்புக்கு 50 பாகைக்கு மேல் போல இருந்தது. இரவிலும் சூடு தணியவில்லை. பல இடங்களில் கரண்ட் போனது.

அடுத்த நாளிலிருந்து உடல்கள் வந்துகொண்டே இருந்தன. பிண அறையில் இடம் போதாமல் குளிரூட்டிய லொறிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மரண விசாரணைக்குப் பொறுப்பான டொக்டர் எட்மண்ட் டொனோகியூ எண்ணிக்கையைச் சொன்னபோது, மேயர் ரிச்சர்ட் டேலி அதைப் பகிரங்கமாகவே சந்தேகித்தார். பிறகு கணக்குப் பார்த்தால், அந்த ஒரு வாரத்தில் வழமையைவிட 739 பேர் அதிகமாக இறந்திருந்தார்கள். பெரும்பாலானோர் வயதானவர்கள்.

அவர்களில் அதிகமானோர் வெயிலில் நின்று இறக்கவில்லை. வீட்டுக்குள்ளேயே இறந்தார்கள். கள்ளருக்குப் பயந்து ஜன்னலைத் திறக்கவில்லை. பலரிடம் ஏசி இல்லை. இருந்த சிலரும் பில்லை நினைத்துப் போடவில்லை. பின்னர் ஆய்வாளர்கள் இறந்தவர்களையும் தப்பியவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வீட்டைவிட்டு வெளியே போகாதவர்களும், தனியாக இருந்தவர்களும்தான் அதிகம் இறந்திருந்தார்கள். கூட்டாளிமார், வந்து பார்க்க ஆட்கள் உள்ளவர்கள் தப்பியிருந்தார்கள். ஃபேன் மட்டும் வைத்திருந்தது யாரையும் பெரிதாகக் காப்பாற்றவில்லை.

எரிக் கிளினென்பர்க் என்ற சமூகவியலாளர் பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு பகுதிகளை எடுத்துப் பார்த்தார். நோர்த் லோண்டேல், சவுத் லோண்டேல். இரண்டிலும் ஏழைகள் அதிகம். தனியே வாழும் முதியவர்களும் ஏறக்குறைய ஒரே அளவு. ஆனால் முதலாவதில் இறப்பு பத்து மடங்கு! அங்கே கடைகள் மூடி, வீடுகள் பாழடைந்து, வயதானவர்கள் தெருவில் இறங்கவே பயந்தார்கள். மற்றதில் கடைத்தெரு கலகலப்பாக இருந்தது. கிழவர்களும் கடைக்குப் போவார்கள், நாலு பேரோடு கதைப்பார்கள். ஒரு நாள் காணவில்லை என்றால் யாராவது தேடுவார்கள்.

1999இல் மறுபடியும் கடும் வெப்பம் வந்தது. இம்முறை நகரசபை தனியே இருந்த முதியவர்களுக்குப் போன் எடுத்தது, வீடுகளுக்கு ஆள் அனுப்பியது, குளிரூட்டிய மண்டபங்களைத் திறந்துவிட்டது. சுமார் 110 பேர் இறந்தார்கள். அதுவும் பெரிய இழப்புத்தான். ஆனால் 739 இல்லை.

பிரான்ஸ் இந்தப் பாடத்தைப் படிக்கவில்லை. 2003 ஆகஸ்டில் அங்கே சுமார் 15,000 பேர் இறந்தார்கள். அது விடுமுறை மாதம், பல குடும்பங்கள் ஊரில் இல்லை. பரிஸில் யாரும் பொறுப்பெடுக்காத 57 உடல்கள் செப்டம்பர் 3ஆம் திகதி அடக்கப்பட்டன. ஜனாதிபதி சிராக் நேரில் போய் நின்றார். ஜனாஸாவுக்கு ஒரு பிள்ளைகூட இல்லாத 57 பேர்.

“அது வெள்ளைக்காரன் நாடு, நம்மட ஊரில் அப்படி யாரும் தனியே இல்லை” என்று சொல்லத் தோன்றும். நம்முடைய ஒழுங்கையில் பிள்ளைகள் கட்டாரிலும் கொழும்பிலும் இருக்க, வாப்பாவும் உம்மாவும் மட்டும் இருக்கிற வீடுகளை ஒருக்கா எண்ணிப் பாருங்கள். ஒருவர் மௌத்தாகி, மற்றவர் மட்டும் இருக்கிற வீடுகளையும் சேர்த்து எண்ணுங்கள்.

வயது போகப் போக வியர்ப்பது குறையும், தாகம் தெரிவதும் குறையும். “தாகமில்ல மகன்” என்று உம்மும்மா சொன்னால் தண்ணீர் தேவையில்லை என்று அர்த்தமில்லை. பிரஷருக்கான சில குளிசைகள் சிறுநீரைக் கூட்டி உடம்பின் நீரைக் குறைக்கும். நாமாக அதை நிறுத்தக் கூடாது, டொக்டரிடம் கேட்க வேண்டும். இருதய, சிறுநீரக நோயாளிகள் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்கு அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். உச்சி வெயிலில் வெளியே விடாதீர்கள். ஈரத்துணியால் கழுத்து, கை, கால் துடைத்து ஃபேன் காற்றுப் பட விடுங்கள்.

பேச்சுத் தடுமாறினால், ஆள் குழம்பினால், மயங்கினால், உடம்பு நெருப்பாய்ச் சுட்டால் 1990க்கு அடியுங்கள். அம்பியூலன்ஸ் வரும்வரை நிழலில் கிடத்தி உடம்பை நனைத்து விசிறுங்கள். மயங்கியவரின் வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

வெளிநாட்டில் இருக்கும் தம்பிமார், தங்கச்சிமார் பகல் பன்னிரண்டு மணிக்கு ஒரு கோல் எடுங்கள். ஊரில் இருப்பவர்கள் லுஹர் தொழுதுவிட்டு வரும் வழியில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டுங்கள். சிக்காகோவில் பலருடைய கதவு, சில நாள் கழித்து பொலிஸ் வந்து உடைத்த பிறகுதான் திறந்தது.

உங்கள் பக்கத்து வீட்டில் அப்படி யார் இருக்கிறார்கள்? கமெண்டில் பெயர் போட வேண்டாம். இன்றைக்கே ஒருக்கா போய்ப் பாருங்கள்.