ஆளுக்கேற்ற கோல்

‘கோல்’ என்னுஞ் சொல் தமிழில் இருபொருள் தந்து நிற்பது. கையிற் பிடிக்குந் தடியும் கோல். நிலத்தை அளக்குங் கருவியும் கோல். சோழர்காலக் கல்வெட்டுக்களிற் பன்னிரு சாண் கோல், பதினாறு சாண் கோல் என்னும் அளவுகோல்கள் பேசப்படுகின்றன. ‘உலகளந்த கோல்’ என்னும் பெயரும் அவற்றிற் காணப்படும். நிலம் அளக்குங் கோல் ஊரார் அனைவர்க்கும் ஒன்றாய் இருத்தல் வேண்டும். ஆளுக்கொரு கோல் எனின் வரியும் நிலையாது, வரம்பும் நிலையாது. ஆயின், கையிற் பிடித்துத் தொழில் செய்யுங் கோலுக்கு இவ்விதி பொருந்தாது. அது பிடிப்பவனின் உடலுக்கேற்ப வேறுபடுதல் வேண்டும். பொது அளவு எங்கே வேண்டும், ஆளளவு எங்கே வேண்டும் என்னும் வேறுபாட்டை மனிதர் மறந்ததும் உண்டு, மறந்ததை மீண்டும் உணர்ந்ததும் உண்டு. கோல்ஃப் என்னும் பந்தாட்டத்துக்குரிய இரும்புக் கோல்களின் வரலாறு இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

யாழ்ப்பாணத்துத் தீவகத்தார்க்கு ஆளளவு புதியதன்று. பனையேறுந் தொழிலாளியின் தளைநார் அவன் பாதங்களுக்கும் அவன் ஏறும் முறைக்கும் இசைய அமைவது. பிறனொருவனின் தளைநாரிற் காலிட்டு ஏறுதல் உயிருக்கே ஊறு விளைக்கக்கூடும். பாளைக்கத்தியின் பிடி அவன் கைக்குள் அடங்கவேண்டும். தீவுகளுக்கிடையேயுள்ள ஆழங்குறைந்த கடலில் தோணியை ஊன்றிச் செலுத்தும் நெடுங்கோல், நீரின் ஆழத்துக்கு மாத்திரமன்றி ஊன்றுவோனின் தோளுக்கும் பொருந்துதல் வேண்டும். ‘எண்சாண் உடம்பு’ என்னும் வழக்கும் இக்கருத்தையே உட்கொண்டது. ஒவ்வொருவர் உடம்பும் எண்சாணே. ஆயினும் அந்தச் சாண் அவரவர் கையின் சாண்.

நெடுந்தீவின் நிலத்தை அறிந்தோர்க்குக் கோல்ஃப் பிறந்த நிலத்தை மனக்கண்ணிற் காண்டல் எளிது. முருகைக்கல் மதில்களுக்கு அப்பால், குதிரைகளும் மாடுகளும் மேய்ந்து குறுக்கிய புல்வெளி; அதன்மேல் ஓயாது வீசுங் கடற்காற்று. ஸ்கொத்லாந்தின் கிழக்குக் கரையிலும், வயலுக்கும் கடலுக்கும் இடையே, ஆடுகள் மேய்ந்த மணற்பாங்கான புல்வெளிகளிலேயே இவ்வாட்டம் வளர்ந்தது. மற்றொரு தொடர்பும் உண்டு. 1658 தொடக்கம் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்டு, நெடுந்தீவிற் குதிரை வளர்த்த ஒல்லாந்தரின் மொழியில் அடிக்குந் தடிக்குக் ‘கொல்ஃப்’ என்பது பெயர். அப்பெயரால் ஓர் ஆட்டமும் அவர்கள் தாய்நாட்டில் வழங்கியது. கோல்ஃப் என்னும் பெயரை இச்சொல்லோடு தொடர்புபடுத்துவோர் மொழிநூலாருட் பலர். தமிழ்க் ‘கோல்’ இதனோடு ஒலியால் ஒத்தல் தற்செயலேயன்றி உறவன்று. நெடுந்தீவின் புல்வெளியில் இவ்வாட்டம் வேரூன்றவில்லை. இலங்கைக்கு அதனைக் கொணர்ந்தோர் பிரித்தானியரே.

ஸ்கொத்லாந்தில் 1457ஆம் ஆண்டிலேயே இவ்வாட்டம் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. மக்கள் விற்பயிற்சியை விட்டுப் பந்தாட்டத்தில் ஈடுபட்டமையே அதற்குக் காரணம். ஆயின், 1502இல் நான்காம் யேம்ஸ் மன்னன் பேர்த் நகரத்து வில்செய்வோனிடமே தனக்குரிய கோல்களை வாங்கினான். 1603இல் ஆறாம் யேம்ஸ் மன்னன் வில்லியம் மெயின் என்பவனை அரண்மனைக்குரிய வில்லும் கோலும் செய்வோனாக நியமித்தான். கோல்செய் தொழில் வில்லாளரிடம் தொடங்கியமை கருதத்தக்கது. எய்வோனின் கைவலிமையையும் தோளகலத்தையும் நோக்கி வில் வளைப்பவன், அடிப்போனை நோக்கிக் கோல் செய்வதிலும் தேர்ந்தவனாதல் இயல்பே.

அக்காலத்துக் கோல்கள் பெரும்பாலும் மரத்தலை உடையன. தோலுறையுள் இறகு அடைத்துத் தைத்த பந்து இரும்பின் அடி தாங்காது கிழியும். ஆதலால் வண்டித்தடத்திலோ மணற்குழியிலோ பந்து சிக்கியபோதே இரும்புக்கோல் எடுக்கப்பட்டது. 1848ஆம் ஆண்டளவில், மலாய் நாட்டு மரமொன்றின் பாலிலிருந்து பெறப்படும் கட்டாபேர்ச்சாவினாற் செய்த பந்து வழக்கிற்கு வந்தது. அது மலிவானது, இரும்புக்கும் அஞ்சாதது. அதன்பின் கருமாரின் உலைக்களங்களில் இரும்புத்தலைகள் பெருகின. கொல்லன் தலையை அடித்துக் கொடுப்பான். கோல்செய்வோன் வட அமெரிக்காவிலிருந்து வந்த ஹிக்கரி மரத்தைச் சீவித் தண்டாக்கிப் பூட்டுவான்.

ஹிக்கரித் தண்டுகள் இரண்டு ஒருபோதும் ஒத்திருப்பதில்லை. ஒன்று விறைப்பு, மற்றொன்று துவள்வு. ஆகவே கோல் வாங்குவோன் பட்டறைக்குச் சென்று, ஒவ்வொன்றாய் எடுத்து வீசிப் பார்த்து, கைக்கு இசைந்ததைத் தேர்வான். இசையாத தண்டை இன்னுஞ் சிறிது சீவித் தருமாறும் கேட்பான். இவ்வாறு ஆண்டுக்கணக்கில் ஒன்றொன்றாகவே ஒருவனது கோற்றொகுதி சேரும். அமெரிக்கராகிய பொபி யோன்ஸ் 1930ஆம் ஆண்டில் நான்கு பெரும் போட்டிகளையும் வென்றது இவ்வாறு தேர்ந்த ஹிக்கரிக் கோல்களைக் கொண்டே. பிற்காலத்தில் அவருடைய கோல்களைக் கருவியால் நிறுத்துப் பார்த்தபோது, ஒன்று நீங்கலாக ஏனையவெல்லாம் வீச்சுநிறையில் ஒத்திருந்தன என்றும், அவ்வொன்றே அவர்க்கு எக்காலமும் தொல்லை கொடுத்தது என்றும் கூறுவர். கருவியின் துணையின்றிக் கையே தராசாய் நின்றமைக்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

இந்நிலையை மாற்றியது உருக்குத் தண்டு. ஐக்கிய அமெரிக்கக் கோல்ஃப் சங்கம் 1924இலும், சென் அன்றூஸ் கழகம் 1929இலும் அதற்கு இசைவளித்தன. உருக்கு முறுக்குண்ணாது, மழையிற் பருக்காது, ஆயிரந் தண்டுகளையும் ஒரே தன்மையவாகச் செய்யலாம். இதனால் விளைந்த நன்மை பெரிது. மாஷி, நிப்லிக் என்னும் பழம்பெயர்கள் மறைந்து, இரும்புக்கோல்கள் 1 முதல் 9 வரை எண் பெற்றன. முகச்சாய்வும் நீளமும் படிமுறையாய் அமைந்த முழுத்தொகுதி ஒரே பெட்டியில் விலைக்கு வந்தது. கோல்கள் அளவின்றிப் பெருகவும் தொடங்கின. லோசன் லிற்றில் என்னும் அமெரிக்க வீரர் முப்பதுக்கு மேற்பட்ட கோல்களோடு களம் புகுந்தார். அதனால் 1938இல் அமெரிக்கச் சங்கமும், அடுத்த ஆண்டில் சென் அன்றூஸ் கழகமும் 14 கோல்களே உச்ச அளவு என விதித்தன. அவ்விதி இன்றும் நிற்கின்றது.

ஆயின் நன்மையோடு ஓர் இழப்பும் நேர்ந்தது. தொழிற்சாலை நடுத்தர உயரமுள்ள ஒரு மனிதனை மனத்திற் கொண்டு அளவு வகுத்தது. நெட்டையனும் குட்டையனும் அவ்வொருவனாகத் தம்மை வளைத்துக்கொள்ள வேண்டியவராயினர். நிலம் அளக்குங் கோலுக்குரிய பொதுமை, கையிற் பிடிக்குங் கோலுக்கு ஏற்றப்பட்டது. கோல் ஆளுக்கு அளவாகாமல், ஆள் கோலுக்கு அளவானான்.

இதனை மாற்ற முயன்றோருள் முதன்மையாகக் கூறத்தக்கவர் காஸ்டன் சோல்ஹைம். நோர்வேயில் 1911இற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய இவர், சப்பாத்துத் தைக்குந் தொழிலாளியின் மகன். தாமும் அத்தொழில் செய்து பின்னர்ப் பொறியியலாளரானவர். நாற்பது வயது கடந்தபின்னரே கோல்ஃப் ஆடத் தொடங்கிய அவர், 1959இல் ‘பிங்’ என்னும் பெயரிற் கோல் செய்தார். இரும்புத்தலையின் நிறையை நடுவிலிருந்து ஓரங்களுக்குப் பரப்பினால், பந்து நடுவிற் படாதபோதும் தலை திரும்புதல் குறையும் என்பது அவர் கண்ட உண்மை. 1970களில் அவர் நிறுவனம், ஆளின் உயரத்தையும் கைநீளத்தையும் அளந்து அதற்கேற்ற கோலை நிறப்புள்ளியாற் குறிக்கும் முறையை வகுத்தது. கறுப்புப் புள்ளி பொது அளவு. சிவப்பு அதனினுந் தாழ்ந்து கிடப்பது. நீலமும் பச்சையும் நிமிர்ந்தவை. பாதத்தை அளந்தே சப்பாத்துத் தைக்கவேண்டும் என்பதை இளமையிற் கற்றவர் கோலுக்கும் அவ்வழியைக் காட்டியமை வியப்பன்று.

இக்காலத்து அளவைமுறை பின்வருமாறு. வாங்குவோன் நிமிர்ந்து நின்று கைகளைத் தொங்கவிட, மணிக்கட்டின் மடிப்பிலிருந்து நிலம்வரை அளக்கப்படும். உயரமும் இதுவுஞ் சேர்ந்தே தண்டின் நீளத்துக்கு முதற்குறிப்புத் தருவன; ஒரே உயரமுடையார் இருவர் கைநீளத்தால் வேறுபடலாம் என்க. அடுத்தது, தண்டு நிலத்தோடு அமையுங் கோணம். அது மிக நிமிர்ந்திருப்பின் தலையின் குதிப்புறம் முன்னர் நிலத்திற்பட்டு, வலக்கையர்க்குப் பந்து இடப்புறம் செல்லும். மிகத் தாழ்ந்திருப்பின் நுனிப்புறம் பட்டு வலப்புறம் செல்லும். தலையின் அடியில் நாடா ஒட்டிப் பலகைமேல் அடிக்கச் செய்து, தேய்ந்த இடத்தை நோக்கி இக்கோணத்தைத் திருத்துவர். காய்ச்சி அடித்த மென்னிரும்புத் தலையாயின் அதனைச் சிறிது வளைத்தே சரிப்படுத்தலாம். வீச்சின் வேகத்துக்கேற்பத் தண்டின் நிறையும் விறைப்பும் தெரியப்படும். பிடி பருத்தாற் கை இறுகும். மெலிந்தாற் கோல் கையுள் உருளும். 2003ஆம் ஆண்டு முதல் ராடாரினாற் பந்தின் வேகத்தையும் உயர்ச்சியையும் சுழற்சியையும் அளக்குங் கருவிகளும் வந்துள்ளன.

தலையைத் தேர்வதிலும் இருவகையுண்டு. மெல்லிய தகடு போன்ற பழைய வடிவம், பயின்றவர்க்குப் பந்தை விரும்பியவாறு வளைத்தடிக்க உதவும்; பின்புறங் குழிந்த வடிவம் பயிலாதவரின் பிழையைப் பொறுக்கும். தன்னைத் தேர்ந்தவனென நாட்டும் பொருட்டு முன்னதை வாங்குவோர் பலர். கோலைத் தெரிவதற்கு முன் தன்னைத் தெரிதல் வேண்டும் என்பதற்கு இஃதொரு சான்று. எண்ணை நம்பி ஏமாறுதலும் உண்டு. ஒருகால் 36 பாகைக்கு மேற்பட்ட சாய்வுடைய ஏழாம் எண் கோல், இன்று சில தொகுதிகளில் 30 பாகையளவே சாய்ந்திருக்கின்றது. பந்து நெடுந்தூரஞ் செல்வது வலிமை கூடியமையால் அன்று, எண் மாறியமையாலேயே.

நிலமும் காற்றும் தேர்விற்கு உரியனவே. மென்னிலத்தில் அகன்ற அடியுடைய தலை புதையாது வழுக்கிச் செல்லும். வெயிலில் இறுகிய நிலத்திலோ அது துள்ளும். நெடுந்தீவு போன்று கல்லின்மேல் மெல்லிய மண் படிந்த நிலத்தில் ஆடுவோன் ஒருவன் உளனாயின், ஒடுங்கிய அடியுடைய தலையே அவனுக்கு ஏற்றது. கச்சான் காற்று வீசுங்கால் பந்தைத் தாழச் செலுத்துங் கோலும் வேண்டப்படும். கடல்மட்டத்துக்கு மேல் 6000 அடிக்கு அதிகமான உயரத்திலுள்ள நுவரெலியாவிலோ, காற்றுச் செறிவு குறைந்தமையால் அதே கோல் பந்தை இன்னுந் தொலைவிற் கொண்டுசெல்லும்.

நுவரெலியாக் கழகம் 1889இல் தோன்றியது. அதற்குப் பத்தாண்டுகள் முன்னர், 1879இல், கொழும்புக் கழகம் நிறுவப்பட்டுக் காலிமுகத் திடலில் ஆடியது. 1896இல் அது இன்றைய இடத்தை அடைந்து, 1928இல் ‘றோயல்’ என்னும் பட்டம் பெற்றது. இந்தியாவிற் கல்கத்தாக் கழகம் 1829இலும், பெங்களூர்க் கழகம் 1876இலும் எழுந்தன. இவற்றில் ஆடினோர் பெரும்பாலும் அதிகாரிகளும் தோட்டத்துரைமாருமே. இந்நாட்டவர் களம் புகுந்தது முதலிற் கோற்பை சுமப்போராக. அளந்து செய்த கோல் அவர்க்கு ஏது? பிறர் கழித்த கோலும், இரவல் பெற்ற கோலுமே அவர்க்குக் கிடைத்தன.

அவருள்ளிருந்தும் பெருவீரர் தோன்றினர். தில்லியிற் கோற்பை சுமந்த அலி ஷேர் 1991இல் இந்தியத் திறந்த போட்டியை வென்றார். பெங்களூரில் அவ்வாறே தொடங்கிய சின்னசுவாமி முனியப்பா 2009இல் அதனை வென்றார். கல்கத்தாக் கழகத்திற் புற்றரை பேணியவரின் மகனாய் இரவற் கோலாற் பயின்ற சௌராசியா 2016இலும் 2017இலும் அதே பட்டத்தைச் சூடினார். அளவு பொருந்தாக் கோலாலும் வெல்லலாமெனின் அளவை எதற்கு என வினவுதல் கூடும். வென்றவரை மாத்திரம் எண்ணுவதால் எழும் வினா இது. பொருந்தாத கோலுக்குத் தம் முதுகையும் மணிக்கட்டையும் வளைத்துப் பழகி, அதனாலேயே பின்தங்கியவர் பெயர் எப்பட்டியலிலும் இடம்பெறுவதில்லை. இரவற் கோலால் வென்றோரின் பெருமை அவர்தம் உழைப்புக்கு உரியது. இரவற் கோலுக்கு உரியதன்று.

கோல்ஃப் செல்வர்க்குரிய ஆட்டமாயிருக்கலாம். அது கற்பிக்கும் பாடம் செல்வர்க்கு மாத்திரம் உரியதன்று. பாடசாலை விளையாட்டறையில் எல்லா மாணவர்க்குமாக வைக்கப்பட்டிருக்கும் துடுப்பு பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்குக் கனமாயின், அவன் தவறாக அடிக்கப் பழகுகின்றான். பின்னர் ‘இவனுக்கு ஆட்டம் வராது’ என்னுந் தீர்ப்பையும் பெறுகின்றான். உண்மையில் தவறியது அவனுக்கென எடுக்காத அளவே. உரிமையையும் நீதியையும் அளக்குங் கோல் அனைவர்க்கும் ஒன்றாயிருக்கட்டும். கையிற் கொடுக்குங் கோல் அவரவர் கைக்கு அளவாயிருக்கட்டும். தளைநாரைத் தன் காலுக்கு இசைய அமைத்துப் பனையேறிய தீவகத் தொழிலாளி அறிந்திருந்த இவ்வுண்மையை, உலகம் நிறப்புள்ளிகளையும் ராடாரையுங் கொண்டு மீண்டுங் கற்றிருக்கின்றது.