பல்லாவரத்துக் குன்றுகள்

மலைவளங் காண நீலகிரிக்கு விரையும் நம் அன்பர்கள், பரங்கிமலையினின்றும் தாம்பரம் நோக்கி மோட்டாரிற் செல்லுங்கால் வழியிலுள்ள சிறு குன்றுகளையும் சற்றே நின்று நோக்குவாராக. பாரத தேசத்தை அளந்த லாம்ப்டன் துரை, 1802-ல் ஓர் அடிக்கோட்டைப் பரங்கிமலையருகே இட்டார். அடுத்த திரிசூலத்தில், குன்றுகளின் நடுவே சோழர்காலச் சிவாலயம் ஒன்று உளது. பல்லாவரத்தில் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயில் பிற்காலத்தில் தர்க்காவாயிற்று. அவ்வூரிலேயே, 1863 மே 30-ல், புரூஸ் பூட் என்பார் சரளை தோண்டிய குழியொன்றிற் கற்கோடரி கண்டெடுத்தார். பழங்கற்கால மாந்தர் இந்நாட்டில் வாழ்ந்தமைக்கு அதுவே முதற்சான்று. தோண்டியதால் வெளிப்பட்டது அது. தோண்டியதால் அழிந்தனவோ பல. இப்பகுதிக் குன்றுகளைக் கல்லுடைப்போர் வெட்டி ஜல்லியாக்கினர்; வெட்டிய பள்ளங்களில் இன்று நீர் நிற்கின்றது. உச்சியிற் கோயில் பெற்ற திருநீர்மலையோ உருக்குலையாது நிற்கின்றது. அம்மலையை வெள்ளஞ் சூழ்ந்தமையால் திருமங்கையாழ்வார் நீர் வடியுமளவும் காத்திருந்தார் என்பர். பல்லாவரத்தினின்றும் அவ்விடத்திற்கு மோட்டாரிற் கால்மணி நேர வழியே.