ஆளில்லாத பச்சை

அயர்லாந்தின் மேற்குக் கரையோரமாக 'வைல்ட் அட்லாண்டிக் வே' என்று ஒரு சாலைத்தடம் போகிறது. சுமார் 2,500 கிலோமீட்டர். 2014இல் சுற்றுலாவுக்காகப் பலகைகள் நட்டு அறிவித்தார்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பச்சை. நம்மாட்கள் பெரும்பாலும் மோஹர் பாறைகளோடு திரும்பிவிடுவார்கள். அதிலொன்றும் குறையில்லை. 214 மீட்டர் செங்குத்தாகக் கடலில் இறங்கும் விளிம்பில் நின்றால் யாருக்கும் அடிவயிறு கலங்கத்தான் செய்யும். ஆனால் அது இயற்கை செய்து வைத்தது. வடக்கே மேயோ மாவட்டத்தில் இருக்கிற அழகு வேறு மாதிரி. அங்கிருந்த மனிதர்கள் இல்லாமல் போனதால் வந்த அழகு அது.

மேயோவின் கரையிலிருந்து பாலம் வழியாகவே அக்கில் தீவுக்குப் போய்விடலாம். அங்கே ஸ்லீவ்மோர் மலைச்சரிவில் கூரையில்லாத கல்வீடுகள் வரிசையாக நிற்கின்றன. எண்பதிலிருந்து நூறு வீடுகள் இருக்கும். ஆடுகள் உரிமையாக வாசல் வழியே போய் வருகின்றன. எல்லா வீடும் பஞ்சத்தில்தான் காலியானது என்று சொல்லிவிட முடியாது. பிறகும் சில காலம் கோடையில் மாடு மேய்க்க வந்தவர்கள் தங்கியிருக்கிறார்கள். வீடுகளை விட நிலம்தான் அதிகம் பேசுகிறது. வெயில் சாய்வாக விழும்போது புல்லுக்கடியில் வரிவரியாக மேடும் பள்ளமும் தெரியும். அவை உருளைக்கிழங்குப் பாத்திகள். ஆங்கிலத்தில் அதற்குப் பெயர் 'சோம்பேறிப் பாத்தி'. மண்வெட்டியால் புல்தரையைப் புரட்டி, கடற்கரையிலிருந்து பாசியைச் சுமந்து வந்து உரமாகப் போட்டு, கல்லும் சரளையுமான மலையில் விளைய வைத்த வேலை. அதற்கு இப்படிப் பெயர் வைக்க ஒரு தனித் திமிர் வேண்டும்.

நல்ல நிலமெல்லாம் நிலக்கிழார்களிடம் இருந்தது. அங்கே விளைந்த தானியம் ஏற்றுமதியானது. ஏழைக்கு மிஞ்சியது துண்டு நிலம். அதில் குடும்பமே பிழைக்க ஒரு பயிரால்தான் முடியும். அதிலும் 'லம்பர்' என்ற ஒரே ரகத்தையே பெரும்பாலானோர் நம்பியிருந்தார்கள். கிழங்கை வெட்டி நடுவதால் ஒவ்வொரு செடியும் முந்தையதன் நகல். என் தொழில் பாஷையில் சொன்னால், மொத்த கம்பெனியும் ஒரே சர்வரில் ஓடுகிறது, பேக்கப் கிடையாது. 1845இல் கருகல் நோய் வந்தது. 1846இல் ஏறக்குறைய மொத்த விளைச்சலும் அழுகியது. 1841 கணக்கெடுப்பில் 81 லட்சத்துக்கு மேல் இருந்த மக்கள் தொகை, 1851இல் 65 லட்சம். சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள், அதைவிட அதிகம் பேர் கப்பலேறினார்கள். இன்றைக்கும், வடக்கு அயர்லாந்தைச் சேர்த்தால்கூட, தீவில் சுமார் 70 லட்சம் பேர்தான்.

நோய் பூஞ்சணம் மாதிரியான ஒரு நுண்ணுயிரியின் வேலை. சாவுக்கு அதை மட்டும் காரணம் சொல்ல முடியாது. லண்டன் கருவூலத்தில் நிவாரணத்தைக் கையில் வைத்திருந்தவர் சார்லஸ் ட்ரெவெல்யன். சும்மா சோறு போட்டால் ஜனங்கள் கெட்டுப்போவார்கள் என்பது அவர் கொள்கை. பஞ்சத்தையே கடவுளின் ஏற்பாடாகப் பார்த்தவர். ஆகவே கூலி வேலை. நிவாரண வேலையால் தனியாருக்கு லாபம் போய்விடக் கூடாது என்ற விதியும் இருந்ததால், எங்கும் போய்ச் சேராத சாலைகளை எலும்பும் தோலுமானவர்கள் போட்டார்கள். 1847 தொடக்கத்தில் 7 லட்சம் பேருக்கு மேல் இந்த வேலையில் இருந்தார்கள். அந்தக் கோடையில் கஞ்சித் தொட்டிகள் திறந்து நாளொன்றுக்கு 30 லட்சம் பேர் வரை சாப்பிட்டார்கள். அதாவது, முடியாதது ஒன்றுமில்லை. செப்டம்பருக்குள் அதையும் மூடிவிட்டார்கள்.

மேயோவிலேயே டூலாக் பள்ளத்தாக்கு இருக்கிறது. மலைகளுக்கு நடுவே கறுத்த ஏரி, பக்கத்தில் ஒடுங்கிய சாலை. நான் பார்த்தவரையில் அயர்லாந்தில் இவ்வளவு அழகான இடம் வேறில்லை. 1849 மார்ச் கடைசியில், நிவாரணத்துக்கான சோதனைக்காக லூயிஸ்பர்க்கில் நூற்றுக்கணக்கானோர் கூடினார்கள். அதிகாரிகள் டெல்ஃபை மாளிகைக்குப் போய்விட்டார்கள், அங்கே வா என்று சொல்லிவிட்டார்கள். ஏறத்தாழ இருபது கிலோமீட்டர், கொடுங்குளிர். நடந்து போனவர்களை வெறுங்கையோடு திருப்பி அனுப்பினார்கள். திரும்பும் வழியில் விழுந்து இறந்தவர்கள் எத்தனை பேர் என்பதில் இன்றும் கணக்குகள் வேறுபடுகின்றன. சாலையோரம் ஒரு கல் சிலுவை நிற்கிறது. அதில் காந்தியின் வாசகம் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கிறது.

ட்ரெவெல்யனுக்கு 1848இல் சர் பட்டம் கிடைத்தது. 1859இல் அவர் மதராஸ் கவர்னராக வந்தார். சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கம் 'பீப்பிள்ஸ் பார்க்' என்று மக்களுக்காகப் பெரிய பூங்கா அமைத்தவர் அவர்தான். கல்கத்தா அரசு கொண்டுவந்த புது வரிகளைப் பகிரங்கமாக எதிர்த்ததால் 1860இல் திரும்ப அழைக்கப்பட்டார். மெட்ராஸ்காரர்களுக்கு நல்ல துரை! பசித்தவனுக்கு இளகாதவர், வரி கட்டுகிறவனுக்காகப் பதவியையே இழந்திருக்கிறார். இரண்டுக்கும் ஒரே மனசுதான் என்று நினைக்கிறேன்: அரசாங்கம் செலவும் செய்யக் கூடாது, வசூலும் செய்யக் கூடாது. அந்தப் பூங்கா நிலத்தில்தான் இன்று ரிப்பன் மாளிகையும் நேரு ஸ்டேடியமும் நிற்கின்றன. அயர்லாந்தின் ஸ்டேடியங்களில் ரசிகர்கள் கூட்டமாகப் பாடும் 'ஃபீல்ட்ஸ் ஆஃப் ஆதன்ரை' பாட்டில் அவர் பெயர் வருகிறது, வேறு காரணத்துக்காக.

டூலாக் போகிறவர்கள் லீனான் பக்கமிருந்து போகலாம். சாலையில் ஆடுகள் படுத்திருக்கும், ஹாரனுக்கெல்லாம் எழுந்திருக்காது. ஸ்லீவ்மோரில் கல்லறைத் தோட்டத்தை ஒட்டி வண்டியை நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். உச்சி வெயிலில் போனால் வெறும் புல்தான் தெரியும். சாயங்காலம் போங்கள்.