சாமத்திய வீடும் டானரின் ஐந்து படிகளும்

ஒஸ்லோவின் தென்கோடியில், பியோர்ண்டாலில் இருந்து பேசுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் இங்கே ஒரு சாமத்திய வீட்டுக்குப் போயிருந்தேன். பந்தியில் பிள்ளையின் தாய் கேட்டார்: "அண்ணை, இனித்தானே இவள் நல்லா உயருவாள்?" "ஓம் தங்கச்சி, இனித்தான்" என்றேன். நான் சொன்னது பிழை. அது எப்படிப் பிழை என்று தேடியபோது கிடைத்த வரலாறுதான் இன்றைய பேச்சு.

1948இல் இங்கிலாந்தின் ஹார்ப்பெண்டன் என்ற ஊரில், சிறுவர் இல்லமொன்றில் வளர்ந்த பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு தொடங்கியது. நடத்தியவர் ஜேம்ஸ் டானர் என்ற மருத்துவர். அளந்து படமெடுத்தவர் ரெஜினால்ட் வைட்ஹவுஸ். பருவ வயதுப் பிள்ளைகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்தார்கள். மார்ஷல் என்பவரோடு சேர்ந்து டானர் 1969இல் 192 சிறுமிகளைப் பற்றியும், 1970இல் 228 சிறுவர்களைப் பற்றியும் எழுதினார். உலகமெங்கும் மருத்துவர்கள் இன்றும் பயன்படுத்தும் ஐந்து படிகள் அங்கிருந்து வந்தவை. முதற்படி குழந்தை உடல். ஐந்தாம் படி வளர்ந்த உடல்.

இந்த ஏணியில் முதல் மாதவிடாய் எங்கே நிற்கிறது? பெரும்பாலானவர்களுக்கு நான்காம் படியில். மார்பு வளரத் தொடங்கி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கழிந்துவிட்டது. அந்தச் சிறுமிகளில் எல்லோருக்குமே, மிக வேகமாக உயர்ந்த காலம் முடிந்த பிறகே அது வந்தது. அதன் பின் கூடும் உயரம் சராசரியாக 5 முதல் 7 சென்ரிமீற்றர்தான். நாங்கள் தொடக்கம் என்று மாலை போடுவது, வைத்தியரின் கண்ணில் முடிவுக்கு அருகில்.

நோர்வேக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ஒஸ்லோ மகப்பேற்று மருத்துவமனைகள் 19ஆம் நூற்றாண்டிலேயே, முதல் மாதவிடாய் எந்த வயதில் வந்தது என்று தாய்மாரிடம் கேட்டு எழுதிவைத்தன. அந்தப் பழைய ஏடுகளைப் புரட்டி, ப்ருடெவோல், லீஸ்தோல், வால்லே என்ற மூவர் 1979இல் 140 ஆண்டு வரலாற்றை வெளியிட்டார்கள். 15, 16 வயதில் வந்தது, 20ஆம் நூற்றாண்டின் நடுவில் 13 வயதை ஒட்டி வந்துவிட்டது. சாப்பாடும் சுகாதாரமும் கூடக்கூட வயது இறங்கியது. ஆகவே "எங்கட காலத்தில இப்படி இல்லை" என்று அம்மம்மா சொல்வது வெறும் புலம்பல் இல்லை.

பொடியன்களுக்கு எந்தச் சடங்கும் இல்லை. அதனால் யாரும் கவனிப்பதும் இல்லை. 1966இல் சூரிச் மருத்துவர் ப்ராடர் 12 மணிகள் கோத்த ஒரு கோவையை அறிமுகப்படுத்தினார். 1 முதல் 25 மில்லிலீற்றர் வரை அளவுள்ள மணிகள். விதையின் அளவு 4ஐத் தொட்டால் பருவம் தொடங்கிவிட்டது என்று பொருள்.

பெண்பிள்ளைக்கு 8 வயதுக்கு முன்பும் ஆண்பிள்ளைக்கு 9 வயதுக்கு முன்பும் அடையாளம் தெரிந்தால் வைத்தியரிடம் காட்ட வேண்டும். 13, 14 வயதிலும் எதுவும் தெரியாவிட்டாலும் அப்படியே. நோர்வேயில் பாடசாலைத் தாதி உயரத்தை அளப்பது மூன்றாம் வகுப்பிலும் பிறகு எட்டாம் வகுப்பிலும். எங்கள் பெண்பிள்ளைகள் பலர் மிக வேகமாக உயர்வது அந்த இடைவெளியில்தான். எனவே வீட்டுக் கதவு நிலையில் ஆறு மாதத்துக்கு ஒரு பென்சில் கோடு போடுங்கள்.

அந்தத் தங்கச்சியிடம் பிறகு போய் என் பிழையைச் சொன்னேன். அவருக்கு இளையவன் ஒருவன் இருக்கிறான். இப்போது அந்த வீட்டுக் கதவில் கோடுகள் உண்டு.