தெர்மாகோல் போட்ட அணை

வெயிலைப் பற்றித் திருவண்ணாமலைக்காரர்களுக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டாம். நம்ம சாத்தனூர் அணைத் தண்ணீரில் ஒரு பங்கு வயலுக்கும் போவதில்லை, குழாய்க்கும் வருவதில்லை, சூரியனே குடித்துவிடுகிறார்.

இதைத் தடுக்கத்தான் 2017 ஏப்ரலில் அப்போதைய அமைச்சர் செல்லூர் ராஜு, வைகை அணையில் தெர்மாகோல் அட்டைகளை டேப் போட்டு ஒட்டி மிதக்கவிட்டார். கொஞ்ச நேரத்திலேயே காற்று அத்தனையையும் கரை ஒதுக்கியது. பிறகு நடந்த கிண்டல் ஊருக்கே தெரியும் :-) சிரித்த சிரிப்பில் 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்ததும், அணை வறண்டு கிடந்ததும் மறந்தே போனது.

ஆனால் நண்பர்களே, இந்த ஆசை பழசு. 1950களிலேயே ஆஸ்திரேலியாவில் செட்டைல் ஆல்கஹால் என்ற மெழுகு மாதிரிப் பொருளை நீர்மேல் மெல்லிய படலமாகப் பரப்பிப் பார்த்தார்கள். அங்கேயும் வில்லன் காற்றுதான்! 2015இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நீர்த்தேக்கத்தில் 9.6 கோடி கறுப்புப் பந்துகளைக் கொட்டினார்கள். தண்ணீரைக் கெடுக்கும் வெயிலை மறைப்பது முதல் நோக்கம், ஆவியாவதைக் குறைப்பது அடுத்தது. பந்துக்குள் கொஞ்சம் தண்ணீர் இருந்ததால் அவை பறக்கவில்லை. (பந்து செய்யச் செலவான தண்ணீர் தனிக் கணக்கு.)

குஜராத்தில் 2012இலேயே ஒரு நர்மதா கிளைக் கால்வாயின் மேல் சோலார் தகடுகளைப் பரப்பிவிட்டார்கள். கீழே நிழல், மேலே 1 மெகாவாட் மின்சாரம். எல்லாம் இரும்புச் சட்டத்தில் போல்ட் போட்டு முடுக்கியது.